இறந்ததாகச் செய்தி போன பாராசூட் வீரர்: அவருடைய கைதிக் காலத்தைப் பிழையில்லாமல் எழுத உதவி வேண்டும்

செங்காந்தள்:

ஜோசப் பேர்லியைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். 1923-இல் மிச்சிகன் மாநிலத்து மஸ்கீகன் ஊரில் பிறந்தவர். அமெரிக்காவின் 101வது வான்வழி டிவிஷன், 506வது ரெஜிமெண்ட், மூன்றாம் பட்டாலியன். 1944 ஜூன் 6 அதிகாலை நார்மண்டியில் குதித்துச் சில நாட்களில் ஜெர்மானியரிடம் பிடிபட்டார். 1945 ஜனவரியில் முகாமிலிருந்து தப்பி, சோவியத் டாங்கிப் படையோடு சேர்ந்து சண்டையிட்டார். இதற்கு நடுவே, 1944 செப்டம்பரில், அவர் இறந்துவிட்டதாக வீட்டுக்குச் செய்தி போய், ஊர்த் தேவாலயத்தில் அவருக்காகத் திருப்பலியே நடந்துவிட்டது.

வாழ்க்கைக் குறிப்பு எளிதில் கிடைக்கிறது. அன்றாட விவரங்கள்தான் கிடைக்கவில்லை. என் முதல் வரைவில், அவர் கையில் துப்பாக்கியோடு தரையிறங்கிச் சுட்டபடியே ஓடுகிறார். பிடிபட்டதும் டூலாக் லுஃப்ட் விசாரணை நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். பிறகு சுரங்கம் தோண்டும் ஸ்டாலக் லுஃப்ட் முகாம் ஒன்று. வாரத்துக்கு ஒரு செஞ்சிலுவைப் பார்சல் வந்ததால் சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்றும் எழுதியிருக்கிறேன். படித்துப் பார்த்த ஒருவர் பாதிக்கு மேல் தவறு என்று சொல்லிவிட்டார். எது தவறு, உண்மையில் எப்படி நடந்தது? உயிரோடு இருப்பவரை ஒரு ராணுவம் எப்படி இறந்தவர் கணக்கில் எழுதுகிறது?


வான்குடை:

தரையிறங்கும் காட்சியை மாற்றி எழுதுங்கள். பாராசூட் வீரர் அவ்வளவு எளிதாகப் பிடிபட்டதன் காரணமே அந்த முதல் சில நிமிடங்களில்தான் இருக்கிறது.

அமெரிக்கர்கள் அன்று பயன்படுத்தியது டி-5 பாராசூட். குடையின் விட்டம் 28 அடி. விமானத்துக்குள் நீளவாட்டில் ஓடும் கம்பியில் 15 அடி வாரின் கொக்கியை மாட்டிவிட்டுக் குதிப்பார்கள், அந்த வார் இழுத்துக் குடையைத் திறக்கும். மார்பில் இன்னொரு மாற்றுக் குடை இருக்கும். ஆனால் குதித்த உயரம் சுமார் 600 அடி. சில விமானங்கள் அதற்கும் கீழே பறந்தன. முதல் குடை திறக்கவில்லை என்று உணர்ந்து மாற்றுக் குடையை இழுக்க அந்த உயரத்தில் நேரமே கிடையாது. குடை திறந்தால் அரை நிமிடத்துக்குள் தரை.

கோளாறு தரையில் ஆரம்பிக்கும். பிரிட்டிஷ் பாராசூட்டில் மார்புக்கு நடுவே ஒரு வட்டப் பூட்டு உண்டு. அதைத் திருகித் தட்டினால் எல்லா வார்களும் ஒரே அடியில் கழன்றுவிடும். டி-5-இல் அது இல்லை. மார்பில் ஒன்று, தொடைக்கு ஒன்றாக இரண்டு, ஆக மூன்று கொக்கிகளைத் தனித்தனியாகக் கழற்ற வேண்டும். குடை திறந்த அதிர்ச்சியில் வார்கள் இறுகியிருக்கும், மேலே 70 முதல் 100 பவுண்டு சாமான் தொங்கும், நல்ல இருட்டு வேறு. மெர்டெரே, டூவ் ஆறுகளின் பள்ளங்களை ஜெர்மானியர் தண்ணீரால் நிரப்பி வைத்திருந்தார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் விழுந்தவர்கள்கூட அந்த மூன்று கொக்கிகளைக் கழற்ற முடியாமல் மூழ்கினார்கள். அதனால்தான் பலர் காலில் ஒரு கத்தியைக் கட்டிக்கொண்டார்கள். சட்டையின் கழுத்துக்குக் கீழே ஜிப் வைத்த சிறு பையில் மடக்குக் கத்தி ஒன்றும் இருந்தது. ஒரு கை சிக்கிக்கொண்டாலும் மறு கையால் எடுத்து வாரை அறுக்க வேண்டும் என்பதற்காகவே அந்தப் பை அங்கே தைக்கப்பட்டது.

இனித் துப்பாக்கி. எம்-1 காரண்ட் நீளமான துப்பாக்கி. பெரும்பாலானோர் அதை மூன்று பாகமாகக் கழற்றி, கிரிஸ்வோல்ட் என்ற தடித்த துணி உறையில் போட்டு, மாற்றுக் குடைக்குப் பின்னால் குறுக்கே செருகிக்கொண்டு குதித்தார்கள். ஆக, தரையைத் தொடும்போது அவர் கையில் சுடக்கூடிய துப்பாக்கி இல்லை. வார்களைக் கழற்றி, உறையைத் திறந்து, மூன்று பாகத்தையும் பூட்டி, தோட்டா ஏற்ற வேண்டும். பகலில் பயிற்சி மைதானத்தில் இது கொஞ்ச நேர வேலை. வேலிக்கு அப்பால் ஜெர்மன் பேச்சுக் கேட்கும்போது கைவிரல் ஒத்துழைக்காது. முழுத் துப்பாக்கியோடு குதித்தவர்களும் இருந்தார்கள். வேறு சிலர் பிரிட்டிஷ்காரர்களிடம் வாங்கிய கால்பையில் ஆயுதங்களை அடைத்துக் காலில் கட்டிக்கொண்டார்கள். விமானங்கள் குதிப்புக்கு உரிய வேகத்தைவிட வேகமாகப் போனதால், குடை திறந்த உதறலில் அந்தப் பைகளில் பல அறுந்து இருட்டில் போயின.

விமானங்கள் ஏன் வேகமாகப் போயின என்று வாசகர் கேட்பார். நார்மண்டியின் கோட்டான்டன் தீபகற்பத்தின் மேற்குக் கரையைத் தாண்டியதும் அடர்ந்த மேகம். வரிசை கலைந்தது. மேகத்தைவிட்டு வெளியே வந்தால் விமான எதிர்ப்புப் பீரங்கி. விமானிகள் தப்பிக்க வேகத்தைக் கூட்டினார்கள். வேகமான விமானத்திலிருந்து அடுத்தடுத்துக் குதித்தவர்கள் தரையில் ஒருவருக்கொருவர் வெகு தூரம் தள்ளி விழுந்தார்கள். முதல் நாள் முடிவில் 101வது டிவிஷனின் சுமார் 6,600 பேரில் ஒன்றுசேர்ந்து இயங்கியவர்கள் ஏறத்தாழ 2,500 பேர்தான். மற்றவர்கள் இரண்டு மூன்று பேராகவோ தன்னந்தனியாகவோ வேலிகளுக்கு நடுவே திரிந்தார்கள். பேர்லியின் பட்டாலியன் இறங்கவேண்டிய வயலை ஜெர்மானியர் முன்கூட்டியே ஊகித்துக் காத்திருந்தார்கள். எண்ணெய் ஊற்றி வைத்திருந்த கட்டடம் ஒன்றைக் கொளுத்தி வெளிச்சமாக்கிக்கொண்டு சுட்டார்கள். பட்டாலியன் தளபதி அங்கேயே இறந்தார். பேர்லி சென் கோம் டு மோன் ஊரின் தேவாலயக் கூரைமேல் விழுந்தார். வெடிவைப்பில் பயிற்சி பெற்றவர். தனியாகவே சில நாள் நாசவேலை செய்துவிட்டுத்தான் பிடிபட்டார்.

சட்டைப் பையில் என்ன இருந்தது என்று எழுத நினைத்தால்: மூன்று நாளுக்கான கே-ரேஷன் என்ற உணவுப் பொட்டலங்கள், கெட்டிச் சாக்லேட், மார்ஃபின் ஊசிக் குழல், பட்டுத்துணியில் அச்சிட்ட வரைபடம், சட்டைப் பொத்தான் அளவு திசைகாட்டி, சிறு ரம்பத் தகடு, பிரெஞ்சு ஃபிராங்க். 101-காரர்களிடம் கையால் அழுத்தினால் "க்ளிக்" என்று ஒலிக்கும் பித்தளைப் பொருள் ஒன்றும் இருந்தது. ஒரு க்ளிக்குக்கு இரண்டு க்ளிக் பதில். 82வது டிவிஷனுக்கு அது கொடுக்கப்படவில்லை, எல்லாருடைய கையிலும் அதைக் கொடுத்துவிடாதீர்கள்.


கோப்பறை:

டூலாக் லுஃப்ட், ஸ்டாலக் லுஃப்ட் இரண்டையும் அடித்துவிடுங்கள். வானத்திலிருந்து குதித்தவர் என்பதால் விமானப்படை முகாமுக்குப் போயிருப்பார் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அமெரிக்க, பிரிட்டிஷ் பாராசூட் வீரர்கள் தரைப்படையினர். லுஃப்ட் என்று முடியும் முகாம்கள் ஜெர்மன் விமானப்படையின் பொறுப்பில், விமானிகளுக்கும் விமானப் பணியாளர்களுக்கும் நடத்தப்பட்டவை. பாராசூட் வீரர் போனது சாதாரண ஸ்டாலக், அதாவது தரைப்படைச் சிப்பாய்களுக்கான கைதி முகாம். அதிகாரியாக இருந்தால் ஓஃப்லாக். இந்த வேறுபாடு சாப்பாடு, வேலை, காவலர் நடத்தை எல்லாவற்றையும் மாற்றும்.

ஸ்டாலக் பெயரில் உள்ள எண் ராணுவ மாவட்டத்தின் எண். எழுத்து அந்த மாவட்டத்தில் எத்தனையாவது முகாம் என்பது. ஸ்டாலக் 12-ஏ என்றால் 12வது மாவட்டத்தின் முதல் முகாம், லிம்பர்க் ஊரில். நார்மண்டியில் பிடிபட்ட பலர் அங்கேதான் முதலில் பதிவானார்கள், அது ஒரு இடைத்தங்கல் முகாம். பேர்லி கடைசியாக இருந்தது ஸ்டாலக் 3-சி, ஓடர் நதிக்கரையில் க்யூஸ்ட்ரின் பக்கத்து ஆல்ட் ட்ரெவிட்ஸ். அங்கே இருந்த அமெரிக்கர்கள் பெரும்பாலும் சார்ஜெண்டுகள்.

சார்ஜெண்டுகள் என்பது முக்கியம். போர்க்கைதிகளை நடத்தும் முறை பற்றிய 1929 ஜெனீவா ஒப்பந்தத்தின் 27வது பிரிவுப்படி அதிகாரிகளை வேலைக்கு அனுப்பக்கூடாது. சார்ஜெண்ட், கார்ப்பரல் நிலையில் உள்ளவர்களை மேற்பார்வைக்கு மட்டுமே கேட்கலாம், அவர்களே விரும்பினால் ஒழிய. சாதாரணச் சிப்பாய் பண்ணைக்கோ சுரங்கத்துக்கோ ரயில்பாதை பழுதுபார்க்கவோ போகவேண்டும். அதனால் பிடிபட்டவுடன் தன்னைத்தானே கார்ப்பரலாக உயர்த்திக்கொண்ட சிப்பாய்கள் நிறைய. ஆனால் வேலைக்குப் போகாதவருக்கு ஒரு இழப்பும் உண்டு. வேலைக்குழுவில் போனவருக்கு வெளியே ஒரு உருளைக்கிழங்கோ முட்டையோ பண்டமாற்றில் கிடைக்கும். முகாமுக்குள்ளேயே இருப்பவருக்குப் பார்சல்தான் கதி.

பிடிபட்டதற்கும் பதிவானதற்கும் நடுவில் உள்ள வாரங்களை உங்கள் வரைவு தாவிவிடுகிறது. கைதிக் காலத்தின் ஆபத்தான பகுதியே அதுதான். நார்மண்டிக் கைதிகளை இரவில் நடத்தியும் லாரியில் ஏற்றியும் உள்ளே கொண்டுபோனார்கள். சாலையில் எது நகர்ந்தாலும் நேச நாட்டு விமானங்கள் சுட்டன. லாரியில் இருப்பது சொந்த ஆட்கள் என்று மேலே இருப்பவருக்கு எப்படித் தெரியும்? பிறகு ரயில். பிரெஞ்சுச் சரக்குப் பெட்டிகளில் "40 ஆள், 8 குதிரை" என்று எழுதியிருக்கும். அதில் 50, 60 பேரை அடைத்து வெளியே பூட்டினார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார முடியாது. கழிப்பிடம் ஒரு வாளி. பாதை குண்டுவீச்சில் உடைந்திருந்தால் பெட்டி பக்கவாட்டுத் தண்டவாளத்தில் நாள்கணக்கில் நிற்கும். உள்ளே கைதிகள் இருக்கிறார்கள் என்று கூரையில் அடையாளம் இருக்காது.

விசாரணையில் சொல்லவேண்டியது பெயரும், பதவி அல்லது ராணுவ எண்ணும். ஒப்பந்தத்தின் 5வது பிரிவு அவ்வளவுதான் கேட்கிறது. ஆனால் கழுத்துத் தகடே கொஞ்சம் பேசிவிடும். அமெரிக்கத் தகட்டில் பெயர், எட்டு இலக்க எண், டெட்டனஸ் ஊசி போட்ட ஆண்டு, ரத்த வகை, மதத்தின் முதலெழுத்து இருந்தன. 1943 ஜூலை வரை அச்சடித்த தகடுகளில் நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும்கூட இருந்தன. எண்ணின் முதல் இலக்கம் 1 என்றால் தானாக முன்வந்து சேர்ந்தவர், 3 என்றால் கட்டாய ஆள்சேர்ப்பில் வந்தவர். யூதச் சிப்பாய்களின் தகட்டில் உள்ள எழுத்து அவர்களுக்கு உயிராபத்து. 1945 பிப்ரவரியில் பாட் ஓர்ப் ஊரின் 9-பி முகாமிலிருந்து யூதர்களையும் யூதர் என்று கருதியவர்களையும் வேறு சிலரையும் சேர்த்து 350 அமெரிக்கர்களைப் பெர்கா ஊருக்குச் சுரங்க வேலைக்கு அனுப்பினார்கள். பலர் திரும்பவில்லை. ஆபத்தை உணர்ந்து தகட்டை வழியிலேயே வீசி எறிந்தவர்கள் இருந்தார்கள். தகடு இல்லாதவரை உளவாளி என்று சொல்ல எதிரிக்கு வசதி. எது செய்தாலும் சூதாட்டம்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. கைதி முகாமில் பதிவானதும் அவருக்கு நடுவில் துளையிட்ட துத்தநாகத் தகடு ஒன்று தருவார்கள், முகாம் பெயரும் கைதி எண்ணும் இரண்டு பாதியிலும் பொறித்திருக்கும். இறந்தால் பாதியை உடைத்து எடுத்துக்கொள்வார்கள். பெயர் ஜெனீவாவில் உள்ள செஞ்சிலுவையின் கைதிகள் தகவல் மையத்துக்குப் போகும். அங்கிருந்து வாஷிங்டன், அங்கிருந்து வீட்டுக்குத் தந்தி. 36வது பிரிவுப்படி முகாமுக்கு வந்த ஒரு வாரத்துக்குள் கைதி தன் வீட்டுக்கு ஒரு அஞ்சலட்டை அனுப்ப வழிசெய்ய வேண்டும். இந்தச் சங்கிலி முடிய மாதக்கணக்காகும். அதுவரை அவர் "காணவில்லை" பட்டியலில்.

பேர்லி விஷயத்தில் இந்தச் சங்கிலியை வேறொன்று முந்திக்கொண்டது. பிடித்தவர்கள் அவருடைய அடையாளத் தகட்டைப் பறித்துக்கொண்டார்கள். அது ஒரு ஜெர்மானியரின் உடலோடு நார்மண்டியில் கிடைத்தது. முகம் அடையாளம் தெரியாத உடலில் தகடு இருந்தால் அமெரிக்க ராணுவத்தின் புதைகுழிப் பதிவுப் பிரிவு அதையே நம்பும், வேறு வழி அவர்களுக்கு இல்லை. பேர்லி என்ற பெயரில் அடக்கம் நடந்தது. "காணவில்லை" என்பது "கொல்லப்பட்டார்" ஆகியது. ஆகவே உங்கள் கட்டுரையில் இதை அதிகாரிகளின் அலட்சியம் என்று எழுதாதீர்கள். எல்லாரும் விதிப்படி செய்தார்கள். தகடு ஒன்றுதான் சாட்சி, அந்தச் சாட்சி தவறான கழுத்தில் இருந்தது.


தகரக்குவளை:

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் எழுதிய ஒரு வரியால் மனம் வருந்தியது. "குறைவில்லை" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.

ஒப்பந்தத்தின் 11வது பிரிவு, கைதிக்குப் பிடித்த நாட்டின் பின்களச் சிப்பாய்க்குக் கொடுக்கும் அளவும் தரமும் உள்ள உணவு வேண்டும் என்கிறது. நடைமுறையில் காலையில் வறுத்த தானியத்தில் போட்ட போலிக் காப்பி. பல பேர் அந்த வெந்நீரை முகம் மழிக்க வைத்துக்கொண்டார்கள். மதியம் டர்னிப் அல்லது உலர்ந்த காய்கறி மிதக்கும் தண்ணீர் சூப். மாலையில் சில உருளைக்கிழங்கு, ஆறேழு பேருக்கு ஒரு கறுப்பு ரொட்டி. ரொட்டியை வெட்டுகிறவர் கடைசித் துண்டைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எழுதாத சட்டம். துண்டுகள் மயிரிழை வித்தியாசம் இல்லாமல் விழுந்ததற்கு அதுதான் காரணம்.

உயிரைத் தாங்கியது பார்சல். அமெரிக்கச் செஞ்சிலுவைப் பார்சல் 11 பவுண்டு எடை. க்ளிம் என்ற பால்பவுடர் 1 பவுண்டு, மார்கரின் 1 பவுண்டு, உலர்திராட்சையோ உலர்பிளமோ ஏறத்தாழ அதே அளவு, டப்பா இறைச்சி இரண்டு வகை தலா 12 அவுன்ஸ், சீஸ் 8 அவுன்ஸ், சர்க்கரை 8 அவுன்ஸ், ஈரல் பசை, மீன் டப்பா, பிஸ்கட், காப்பித் தூள், 4 அவுன்ஸ் சாக்லேட் கட்டி இரண்டு, சோப்பு இரண்டு, சிகரெட் ஐந்து பாக்கெட். உள்ளடக்கம் காலத்துக்குக் காலம் கொஞ்சம் மாறும். வாரத்துக்கு ஆளுக்கொன்று என்பது திட்டம். 1944 இலையுதிர் காலத்திலிருந்து ஜெர்மன் ரயில்பாதைகள் நொறுங்க நொறுங்க, இரண்டு பேருக்கு ஒன்று, பிறகு நாலு பேருக்கு ஒன்று, பல முகாம்களில் வாரக்கணக்கில் ஒன்றுமே இல்லை. உங்கள் ஆள் அனுபவித்தது முக்கியமாக இந்தக் கடைசிக் காலம்.

டப்பாக்களைக் கொடுக்கும்போது காவலர் ஆணியால் குத்தித் துளைபோட்டுக் கொடுப்பது வழக்கம். சேமித்து வைத்துத் தப்பி ஓடக்கூடாது என்பதற்காக. துளை விழுந்த இறைச்சி சில நாளில் கெட்டுவிடும். துளையில் மார்கரினை அழுத்திப் பூசிக் கொஞ்ச காலம் தள்ளுவார்கள்.

காலி க்ளிம் டப்பா முகாமின் மூலப்பொருள். குவளை, தட்டு, விளக்கு எல்லாம் அதில்தான். ஆனால் "ப்ளோயர்" என்ற ஊதுலை அடுப்பைக் கட்டாயம் எழுதுங்கள். கட்டிலிலிருந்து உருவிய பலகை அடித்தளம். ஒரு முனையில் கைப்பிடி வைத்த பெரிய சக்கரம், நடுவில் டப்பாத் தகட்டை இதழ்போல் வெட்டி வளைத்த விசிறி, அது ஒரு டப்பாவுக்குள் சுழலும். பெரிய சக்கரத்திலிருந்து விசிறியின் சிறு கப்பிக்கு ஷூ நாடாதான் பெல்ட். ஆகவே கை ஒரு சுற்று சுற்றினால் விசிறி பல சுற்று சுற்றும். தகரக் குழாய் வழியாகக் காற்று அடுத்த முனையில் உள்ள துளையிட்ட டப்பாவின் அடியில் போய் ஊதும். கைப்பிடியளவு சுள்ளியும் அட்டைத் துண்டும் போதும், ஒரு குவளைத் தண்ணீர் சில நிமிடத்தில் கொதிக்கும். எரிபொருள் இல்லாத இடத்தில் இது பெரிய விஷயம். கெட்டுப்போவது இரண்டு இடத்தில். நாடா ஈரமானால் நழுவும். விசிறி அச்சு மையம் தப்பினால் இதழ்கள் டப்பாச் சுவரில் உரசும். மூட்டுகளில் காற்றுக் கசிந்தால் பழைய டப்பாக்களின் பற்றவைப்பு உலோகத்தைச் சுரண்டி உருக்கி அடைப்பார்கள்.

சிகரெட்டுதான் நாணயம். புகைக்காதவர் பணக்காரர். பேர்லி தப்பியதும் சிகரெட்டால்தான், அதை யாராவது சொல்லட்டும்.

இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள். அதே முகாமில் கம்பிவேலிக்கு அடுத்த பக்கம் சோவியத் கைதிகள் இருந்தார்கள். சோவியத் யூனியன் 1929 ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பதைச் சாக்காக வைத்து அவர்களுக்குப் பார்சலும் இல்லை, அஞ்சலும் இல்லை, மருந்தும் இல்லை. ஜெர்மானியரிடம் பிடிபட்ட சுமார் 57 லட்சம் சோவியத் வீரர்களில் 30 லட்சத்துக்கும் மேல் இறந்தார்கள். பேர்லி அதைக் கண்ணால் பார்த்தவர். பின்னால் சோவியத் டாங்கியைக் கண்டதும் அவர் என்ன நினைத்திருப்பார் என்பதற்கு இதைவிட நல்ல முன்னுரை கிடைக்காது.


செங்காந்தள்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. வரைவைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன். இரண்டு சந்தேகம். பாராசூட் வீரர்களைப் பிடித்தால் சுட்டுவிட ஹிட்லர் உத்தரவு இருந்ததாகப் படித்தேன், அது உண்மையென்றால் இவர்கள் எப்படிக் கைதிகளானார்கள்? இன்னொன்று, தப்பிக்க எது நல்ல சமயம்? மாதக்கணக்கில் காத்திருந்து முகாமிலிருந்துதான் தப்ப வேண்டுமா?


ரைன்கரை:

உத்தரவு உண்மை. 1942 அக்டோபர் 18 தேதியிட்ட கமாண்டோ உத்தரவு. சீருடையில் இருந்தாலும் நாசவேலைக்கு வந்த சிறு குழுவினரை விசாரணையின்றிக் கொல்லச் சொன்னது. எஸ்.ஏ.எஸ். என்ற பிரிட்டிஷ் சிறப்புப் படை வீரர்கள் 1944-இல் பிரான்சில் இப்படிக் கொல்லப்பட்டார்கள். ஆனால் அதே உத்தரவில், பெரிய அளவிலான தரையிறக்கத்திலும் வான்வழித் தாக்குதலிலும் திறந்த போரில் பிடிபட்டவருக்கு இது பொருந்தாது என்று ஒரு பத்தி உண்டு. ஆகவே ஜூன் 6 அன்று குதித்த ஆயிரக்கணக்கானோர் சட்டப்படி போர்க்கைதிகள். சிக்கல் என்னவென்றால், பேர்லிபோல் படையை விட்டுப் பிரிந்து, வெடிமருந்துப் பையோடு தனியாகப் பிடிபட்டவர் இந்தக் கோட்டின் எந்தப் பக்கம் என்பதை எதிரே நிற்கும் அதிகாரிதான் முடிவுசெய்தார்.

தப்பிப்பது பற்றி: பிடிபட்ட முதல் மணி நேரங்களும் முதல் நாட்களும்தான் நல்ல சமயம். தப்பிக்கும் வழிகளைக் கவனித்த பிரிட்டிஷ் உளவுப் பிரிவான எம்.ஐ.9 வீரர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். சொந்தப் படை பக்கத்தில் இருக்கும், உடலில் தெம்பு இருக்கும், காவலுக்கு வந்தவர்கள் சண்டைக்காரர்களே ஒழியச் சிறைக்காவலர்கள் அல்ல. காலணி இன்னும் காலில் இருக்கும். முகாமுக்குப் போய் இரண்டு மாதம் சூப் குடித்த பிறகு 200 மைல் நடக்க உடல் இடம் கொடுக்காது.

நெதர்லாந்தின் ஆர்னெம் போர் இதற்கு உதாரணம். 1944 செப்டம்பரில் பிரிட்டிஷ் முதலாவது வான்வழி டிவிஷனோடு இறங்கிய சுமார் 10,000 பேரில் ஏறத்தாழ 6,500 பேர் கைதியானார்கள். டிக்பி டாதம்-வார்ட்டர் என்ற மேஜர் காயத்தோடு பிடிபட்டு மருத்துவமனையில் இருந்தார். முகாமுக்கு ஏற்றும் முன் அங்கிருந்தே நழுவினார். டச்சு எதிர்ப்பு இயக்கத்தோடு சேர்ந்து, ஒளிந்திருந்தவர்களைத் திரட்டி, அக்டோபர் 22 இரவு சுமார் 140 பேரை ரைன் நதி கடக்கவைத்தார். அக்கரையில் படகோடு காத்திருந்தவர்களில் பேர்லியின் அதே 506வது ரெஜிமெண்ட்காரர்களும் இருந்தார்கள். உங்கள் கட்டுரைக்கு இது ஒரு நல்ல இணைப்பு.

தப்பாமல் இருந்து போராடுவதும் உண்டு. மூன்றாம் பாராசூட் பட்டாலியனின் ரெஜிமெண்டல் சார்ஜெண்ட் மேஜர் ஜான் லார்ட், ஃபாலிங்போஸ்டல் 11-பி முகாமுக்குக் காயத்தோடு வந்தபோது அங்கே கைதிகள் அழுக்கும் நம்பிக்கையின்மையுமாகக் கிடந்தார்கள். தினமும் உடற்பயிற்சி, முகச்சவரம், குடிசைகளில் ஒழுங்கு, இறந்தவர்களுக்கு முறையான ராணுவ அடக்கம் என்று எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்தார். பேன் பரவினால் டைஃபஸ் என்ற கொடிய காய்ச்சல், டைஃபஸ் வந்தால் குடிசையே காலி. அந்த நிலையில் சவரம் என்பது அலங்காரம் அல்ல. 1945 ஏப்ரல் 16-இல் பிரிட்டிஷ் கவச வண்டிகள் வந்தபோது வாசலில் மடிப்புக் கலையாத சீருடையில் காவல் அணி நின்றது.


வான்குடை:

பேர்லி தப்பியதைச் சொல்லிவிடுகிறேன். 3-சி முகாமில் சேர்த்த சிகரெட்டுகளைக் காவலருக்குக் கொடுத்து, சிலரோடு வெளியேறி, கிழக்கே போகும் என்று நம்பிச் சரக்கு ரயிலில் ஏறினார். அது பெர்லினுக்குப் போனது. அங்கே கெஸ்டாபோ என்ற நாஜி ரகசியப் போலீஸிடம் சிக்கினார். ஊருக்குள் பிடிபட்ட பாராசூட் வீரர் என்றால் உளவாளி என்றே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கடுமையாக அடித்தார்கள். ராணுவம் தலையிட்டுத் தன் கைதியைத் திரும்பக் கேட்டதால் பிழைத்தார். ஒப்பந்தப்படி தப்பியோடிப் பிடிபட்ட கைதிக்கு ஒழுங்கு நடவடிக்கை மட்டுமே, அதிகபட்சம் 30 நாள் தனிச்சிறை. இந்த விதி ராணுவ முகாமுக்குள் ஓரளவு செல்லும். கெஸ்டாபோ கட்டடத்துக்குள் செல்லாது.

1945 ஜனவரியில் மறுபடி தப்பி, இம்முறை பீரங்கிச் சத்தம் வரும் திசையிலேயே நடந்தார். சோவியத் டாங்கிகள் முன்னால் கையைத் தூக்கி நின்றபோது அவர் கையில் இருந்தது சிகரெட் பாக்கெட்தான். அந்தப் பிரிவோடு சுமார் ஒரு மாதம் சண்டையிட்டார், வெடிவைப்பு தெரிந்தவர் என்பதால் அவர்களுக்கும் பயன்பட்டார். விமானக் குண்டுவீச்சில் காயம்பட்டு மருத்துவமனையில் இருந்தபோது சோவியத் தளபதி மார்ஷல் ஷூக்கோவ் அங்கே வந்தார், அவர் கொடுத்த கடிதத்தோடு மாஸ்கோ போய்ச் சேர்ந்தார்.

அவர் தப்பாமல் இருந்திருந்தால் என்ன என்பதையும் ஒரு பத்தி எழுதுங்கள். கிழக்கு முகாம்களைச் சோவியத் செம்படை நெருங்கியதும் ஜெர்மானியர் கைதிகளை மேற்கே நடக்கவைத்தார்கள். 3-சி முகாமிலிருந்தும் ஜனவரி 31-இல் கைதிகளை வெளியேற்றத் தொடங்கினார்கள். பனியில் நடப்பவருக்கு முதலில் போவது கால். இரவில் ஈரக் காலணியைக் கழற்றினால் காலையில் அது கல்லாக உறைந்திருக்கும், வீங்கிய கால் உள்ளே போகாது. கழற்றாவிட்டால் கால் அழுகும். கழற்றி, சட்டைக்குள் வயிற்றோடு வைத்துத் தூங்குவதே வழி. வயிற்றுப்போக்குக்கு மருந்து, விறகுக் கரியைப் பொடித்துத் தின்பது. ஏப்ரல் 19-இல் க்ரெஸ்ஸ என்ற ஊரில் நடந்துகொண்டிருந்த கைதி வரிசையைப் பிரிட்டிஷ் டைஃபூன் விமானங்களே ஜெர்மானியர் என்று எண்ணிச் சுட்டன. விடுதலைக்குச் சில நாள் இருந்தபோது.


கோப்பறை:

முடிவுப் பகுதிக்கு. மாஸ்கோவில் அமெரிக்கத் தூதரகத்துக்குப் போனால், பட்டியலில் அவர் இறந்தவர். உங்கள் கட்டுரையின் மையமே இதுதான் என்று எனக்குப் படுகிறது. போலி ஆள் என்ற சந்தேகத்தில் மெட்ரோபோல் ஹோட்டலில் காவலில் வைத்தார்கள். கைரேகை ஒத்துப்போன பிறகுதான் அவரை ஜோசப் பேர்லி என்று ஒப்புக்கொண்டார்கள். தகட்டால் இறந்தவர் கைரேகையால் உயிர்த்தார். 1945 ஏப்ரலில் வீடு திரும்பினார். 1946-இல் அவருக்குத் திருமணம் நடந்தது, இறுதித் திருப்பலி நடந்த அதே தேவாலயத்தில், அதே பாதிரியாரின் கையால்.

வேறு வீரர்களைத் தேடுபவர்களுக்கும் சேர்த்து: அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தரவுத்தளத்தில் இரண்டாம் உலகப்போர்க் கைதிகள் கோப்பு இருக்கிறது, 1,43,000-க்கும் மேற்பட்ட பதிவுகள். அந்தக் காலத்துத் துளையட்டைகளிலிருந்து எடுத்தது. ராணுவ எண்ணை வைத்துத் தேடுங்கள், பெயரில் எழுத்துப்பிழை அதிகம். இரண்டு இடத்தில் ஏமாறுவீர்கள். முதல் அறிக்கைத் தேதி என்பதைப் பிடிபட்ட நாள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முகாம் பெயர் பெரும்பாலும் கடைசியாகத் தெரிந்த முகாம், நடுவில் இருந்தவை அதில் வராது. தனிநபர் கோப்பைக் கேட்டால், அது செயின்ட் லூயிஸ் நகரத்து ராணுவப் பதிவேட்டு மையத்தின் 1973 ஜூலை 12 தீ விபத்தில் போயிருக்கலாம். 1912 முதல் 1959 வரை விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் எரிந்தன. அப்படியானால் கம்பெனியின் தினசரிக் காலை அறிக்கையைக் கேளுங்கள். அதில் "பணியில்" என்பதிலிருந்து "காணவில்லை" என்று மாறிய நாள் இருக்கும். பிரிட்டிஷ் வீரர் என்றால் லண்டன் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 416 என்ற கோப்பு வரிசை, ஜெர்மானியர் கைதிகளுக்கு எழுதிய அட்டைகளே அங்கே இருக்கின்றன. சில அட்டைகளில் புகைப்படமும் கைரேகையும் உண்டு. டபிள்யூ.ஓ. 344-இல் விடுதலையானவர்கள் தம் கையால் நிரப்பிய கேள்வித்தாள். எந்தெந்த முகாம், எந்தத் தேதி, என்ன வேலை, தப்ப முயன்றாரா என்று கேட்டிருப்பார்கள். பலர் தப்ப முயன்றாரா என்ற இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். அதை வைத்து முயலவில்லை என்று எழுதிவிடாதீர்கள், வீடு திரும்பும் அவசரத்தில் நிரப்பிய தாள் அது.


செங்காந்தள்:

காலை அறிக்கை என்ற ஒன்று இருப்பதே இப்போதுதான் தெரிந்தது. 506வது ரெஜிமெண்டின் 1944 ஜூன் மாதத்து அறிக்கைகளைக் கேட்டு இன்றே எழுதுகிறேன். கிடைத்ததும் அந்த வரியை இங்கே பதிவிடுகிறேன்.